காணாமல் போன உஷ்ணம்

சவுரிராயன் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவரைக் கொன்ற குளிர் மட்டும் நிற்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், மைனஸ் இருபது டிகிரியில், கம்ப்ரசர் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா அந்த எஃகுக் கதவைத் திறந்து அதன் உட்பக்கத்தைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டவர் உள்ளிருந்தே தள்ளித் திறப்பதற்கான கைப்பிடி பளபளவென்று புதிதாக இருந்தது.

"இதை எப்ப மாத்தினீங்க?"

"சம்பவத்துக்கு மறுநாளே மேடம்," என்றான் கிடங்கு மேனேஜர் புகழேந்தி. நாற்பது வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. "பழசு துரு புடிச்சு இறுகிக்கிச்சு. அதனாலதான் அவரால வெளிய வர முடியல."

"பழசு எங்க?"

"காயலான் கடைக்குப் போட்டாச்சு."

"ஆளைப் புதைக்கறதுக்கு முன்னாடியே இரும்பைப் போட்டுட்டீங்க," என்றான் ஜெசிந்தாவின் உதவியாளன் இப்ராஹிம் ஷா. "நல்ல சுறுசுறுப்பு சார்."

புகழேந்தி சிரிக்கவில்லை.

ஜெசிந்தா போலீஸ் வயர்லெஸ் பிரிவில் பதினாறு வருஷம் இருந்துவிட்டு வேலையை உதறியவள். இப்போது விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், தனியார் துப்பறியும் அலுவலகம். இப்ராஹிம் ஷா கோட்டகுப்பத்துக்காரன். ஷார்ஜாவில் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதியோடும் ஓயாத வாயோடும் ஊர் திரும்பியவன். அவனை அவள் பாய் என்பாள்.

நாலு நாள் முன்னால் அந்த மாடிப்படியை ஏறி வந்தவள் சவுரிராயனின் மனைவி அமலா. திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற வழியில் இருக்கும் இந்த இறால் குளிர்கிடங்கில் அவள் புருஷன் மெஷின் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள். குடித்துவிட்டுக் குளிர் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார், கதவு மாட்டிக்கொண்டது, செத்துப்போனார் என்று கேஸ் முடிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பாட்டில் கிடந்ததாம். ரத்தப் பரிசோதனை முடிவு வர மாதக்கணக்கில் ஆகும்.

"அவரு குடியை விட்டு ஒம்போது வருஷம் ஆவுது மேடம்," என்றாள் அமலா. "சாவு வூட்டுலயே எங்க ஆளுங்க காதுபடப் பேசறாங்க, குடிகாரன், போய்ச் சேந்தான்னு. என் பொண்ணு ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது. அவரு எப்பிடிச் செத்தாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கிடங்கின் சொந்தக்காரம்மா சென்னையில் இருப்பவர். அமலா நேரில் போய் நின்றதும், கம்ப்யூட்டரைப் பார்க்க ஜெசிந்தாவை அனுமதிக்கும்படி புகழேந்திக்குப் போனில் சொல்லியிருந்தார். அவனால் மறுக்க முடியவில்லை. ஆனால் பக்கத்திலேயே நின்றான்.

அந்தக் கம்ப்யூட்டர் குளிர் அறைக்கு வெளியே, குறுகலான நடையில், கம்பிவலை அலமாரிக்குள் இருந்தது. குளிர் அறைக் கதவிலிருந்து ஆறடி தூரம். எட்டு கேமராக்களின் பதிவும் அதில்தான் சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையின் பதிவு அதில் இல்லை.

"என்ன ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க சார்," என்றாள் ஜெசிந்தா.

புகழேந்தி மனப்பாடமாகச் சொன்னான். "திண்டிவனத்துல சித்தார்த்தன்னு ஒருத்தர் எங்களுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றாரு. அன்னைக்குக் காலையில ஒம்போது மணிக்கு அவரு கடையில இருந்தே, நெட் வழியா, இதுக்கு அப்டேட் போட்டாரு. இது லினக்ஸ். அதோட மூல புரோக்ராம், கெர்னல்னு சொல்வாங்க, அது புதுசா மாறிச்சு. மாறினதும் சென்சார் ரீடிங் மொத்தமும் காணாமப் போச்சு. போர்டு எவ்ளோ சூடு, ஃபேன் சுத்துதா, எதுவும் தெரியல. மெஷின் சூடாயி பத்து மணிக்கே நின்னுடுச்சு. அதனால பதிவு இல்ல. நான் காலையிலேர்ந்து திண்டிவனத்துல என் மச்சினன் கல்யாணத்துல இருந்தேன். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு இங்க வந்து கதவைத் தொறந்தப்பதான் அவரு கெடந்தாரு."

"நடுவுல கதவை யாரும் தொறக்கல?"

"ஞாயித்துக்கிழமை யாரு மேடம் வரப்போறா?"

இப்ராஹிம் ஷா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். விரல்கள் கீபோர்டில் ஓடின.

"சார் சொல்றது நெசம்தான் மேடம். போர்டு சூடு எங்கடான்னா இல்ல. ஃபேன் எங்கடான்னா இல்ல. வோல்டேஜும் இல்ல. எங்க வார்டு கவுன்சிலர் மாதிரி, எப்பக் கேட்டாலும் ஆளே இல்ல."

"ஏன்?"

"போர்டுல சூட்டைப் பாக்க ஒரு சின்ன சிப்பு இருக்கு. அதைப் படிக்கத் தனியா டிரைவர்னு ஒரு சின்ன புரோக்ராம் வேணும். இதுல இருக்கற டிரைவர் பழைய கெர்னலுக்குன்னு அளவெடுத்து ஏத்தினது. கெர்னல் மாறினா அதையும் புதுசா ஏத்தணும். ஏத்தல. சிப்பு அங்கதான் இருக்கு, கேக்கறதுக்குத்தான் நாதி இல்ல."

"பழைய கெர்னல் இன்னும் உள்ள இருக்கா?"

"இருக்கு. பழசை இது தூக்கிப் போடாது. அதுல ஏத்திப் பாக்கவா?"

"பாருங்க."

மெஷின் அணைந்தது. திரும்பக் கிளம்பியது. கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளை வரி வந்து அப்படியே நின்றது. ஃபேனில் கோளாறு, மேலே போக எஃப்-ஒன் பட்டனை அமுக்கு என்றது.

"இது என்ன பேஜாரு?" என்றான் இப்ராஹிம் ஷா.

"அது எப்பவும் அப்பிடித்தான்," என்றான் புகழேந்தி அலுப்போடு. "ஃபேன் ஒயரை வேற எடத்துல சொருகியிருக்காங்களாம். ரெண்டு வருஷமா இப்பிடித்தான். ஒவ்வொரு வாட்டியும் யாராச்சும் வந்து அதை அமுக்கினாத்தான் ஏறும்."

"என் மச்சான் மாதிரி. குரல் குடுத்தா எழுந்திருக்க மாட்டான், பக்கத்துல போய்த் தட்டணும்." இப்ராஹிம் ஷா எஃப்-ஒன்னை அமுக்கினான்.

பழைய கெர்னலில் மெஷின் ஏறியது. ரீடிங்குகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. போர்டு முப்பத்திமூன்று டிகிரி.

அந்த நேரம் ஒரு தொழிலாளி தள்ளுவண்டியோடு வந்து குளிர் அறைக் கதவைத் திறந்தான். வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்து மூவரின் கால்களையும் மூடியது. ஜெசிந்தா தோளைக் குறுக்கிக்கொண்டாள். பிறகு அவள் பார்வை திரையில் நிலைத்தது.

முப்பத்திமூன்று. முப்பத்தொன்று. இருபத்தெட்டு.

கதவு மூடியது. எண் மெதுவாக ஏறத் தொடங்கியது.

"மேடம், இதுக்கும் குளி..." என்று ஆரம்பித்த இப்ராஹிம் ஷாவின் காலை ஜெசிந்தாவின் செருப்பு அழுத்தியது. அவன் வாய் பாதியில் நின்றது.

"இந்த ரீடிங்கை எங்கயாவது எழுதி வைக்குதா பாய்?" என்றாள், ரொம்ப சாதாரணமாக.

அவன் தேடினான். எப்போதோ வேலை பார்த்துவிட்டுப் போன வேறொரு டெக்னீஷியன் வைத்த சின்ன ஏற்பாடு ஒன்று அகப்பட்டது. நிமிஷத்துக்கு ஒரு வரி, நேரமும் போர்டின் சூடும். இரண்டு வருஷமாக யாரும் திறந்து பார்க்காத ஃபைல். இப்ராஹிம் ஷா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போனான். அவன் முதுகு நிமிர்ந்தது. ஒன்றும் பேசாமல் பென் டிரைவைச் சொருகினான். அவன் பேசாமல் இருந்ததே ஜெசிந்தாவுக்குப் போதுமானதாக இருந்தது.

"என்ன கெடைச்சது?" புகழேந்தி ஒரு அடி முன்னால் வந்தான்.

"நீங்க சொன்னதுதான் சார். அப்டேட்டுல வந்த கோளாறு. எங்களுக்குத்தான் வீண் அலைச்சல்."

அன்று முதல் தடவையாகப் புகழேந்தி சிரித்தான். சிரிப்பு கண்வரை போகவில்லை. கேட் வரைக்கும் வந்து, கார் ரோட்டில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

பகல் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லைகளில் கடலைச் செடிகள் காற்றில்லாமல் அசையாமல் நின்றன. ஜெசிந்தா காரை ஓட்ட, இப்ராஹிம் ஷா மடியில் லேப்டாப்பைத் திறந்தான்.

"படிங்க பாய்."

"காலையிலேர்ந்து முப்பத்திமூணு, முப்பத்திமூணு, முப்பத்திமூணு. பத்து மணிக்கு சூடாயி நின்னுச்சாம்! முப்பத்திமூணுல எந்த மெஷின் நிக்கும்? எனக்கே அதைவிட ஜாஸ்தி சூடு இருக்கு."

"கதவு?"

"மத்தியானம் ஒண்ணு முப்பத்தெட்டுக்கு ஒரு எறக்கம். இருபத்தேழு வரைக்கும் போயிட்டு ஏறுது. அப்ப கதவு தொறந்திருக்கு."

"சவுரிராயன் உள்ள போன நேரம்."

"ஆமா." இப்ராஹிம் ஷாவின் குரல் தணிந்தது. "அப்புறம் மூணு மணி நாலு நிமிஷத்துக்கு இன்னொரு எறக்கம். சின்னது. இருபத்தொம்போது. ஒரு நிமிஷத்துக்குள்ள மூடிட்டாங்க."



"யாரோ தொறந்து பாத்திருக்காங்க," என்றாள் ஜெசிந்தா. "பாத்துட்டு மூடியிருக்காங்க."

"மேடம், அப்ப அவரு..."

"தெரியல. மேல படிங்க."

"நாலு பன்னெண்டு வரைக்கும் ஒழுங்கா வருது. அதுக்கு அடுத்த வரி காலை ஒம்போது மணி."

"மறுநாளா?"

"அதே நாளு மேடம். அதே ஞாயித்துக்கிழமை. நாலு பன்னெண்டுக்கு அப்புறம் ஒம்போது. யாரோ கடியாரத்தைப் பின்னாடி தள்ளியிருக்காங்க. ஒம்போது அஞ்சு வரைக்கும் சூடு எழுதியிருக்கு. அதுக்கப்புறம் நேரம் மட்டும்தான் வருது, எண் இல்ல. அங்கதான் புது கெர்னல் ஏறியிருக்கு."

ஜெசிந்தா மெல்லத் தலையசைத்தாள். "அப்டேட் காலையில நடக்கல. சாயங்காலம் நாலு பன்னெண்டுக்கு நடந்திருக்கு. காலையில நடந்த மாதிரி காட்டக் கடியாரத்தை மாத்தியிருக்காங்க. பதிவை அழிச்சதுக்கு ஒரு காரணம் வேணும். அப்டேட்டால ரீடிங் போச்சு, சூடாச்சு, நின்னுச்சுன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. கதவைப் பாக்கற கேமராவை எல்லாம் குருடாக்கிட்டாங்க. கதவு தொறந்தா மெஷினுக்கே குளிரும்னு அவங்களுக்குத் தோணல."

"தோணறதுக்கு அவங்க என்ன சென்சாரா?" என்றான் அவன். பிறகு கண்ணாடியைப் பார்த்தான். "மேடம், பின்னாடி ஒரு வெள்ளைக் கார். கெடங்கு வாசல்ல நின்னுக்கினு இருந்ததே, அதே வண்டி."

ஜெசிந்தா திரும்பவில்லை. திண்டிவனம் இன்ஸ்பெக்டர் கண்ணையனுக்குப் போன் போட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏம்மா, கம்ப்யூட்டருக்குக் குளிர் எடுத்துச்சுன்னு நான் கோர்ட்டுல போய்ச் சொன்னா ஜட்ஜ் என்னைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாரு."

"அதனாலதான் சார் ஆளைத் தேடிப் போறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சித்தார்த்தன் கடை. அரை மணியில அங்க வாங்க."

"பாக்கறேன்," என்றார் கண்ணையன். வருகிறேன் என்று சொல்லவில்லை.

சித்தார்த்தன் கடையில் தனியாக இருந்தான். முப்பது வயது இருக்கும். பல நாள் தூங்காத கண்கள். சுற்றிலும் பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள். மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தான். அந்தப் புழுக்கத்தில் ஜன்னலும் சாத்தியிருந்தது.

"குளிர்கெடங்கு விஷயமா?" என்றான், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

ஜெசிந்தா எதிரே உட்கார்ந்தாள். "அன்னைக்கு அப்டேட்டை எங்கேருந்து போட்டீங்க தம்பி?"

"இங்கேருந்துதான். காலையில ஒம்போது மணிக்கு."

"அப்டேட் முடிஞ்சு மெஷினை ரீஸ்டார்ட் பண்ணதும்?"

"இங்கேருந்துதான்."

இப்ராஹிம் ஷா தன் வலது கையை நீட்டி, மடக்கி, திரும்ப நீட்டிப் பார்த்தான். "இங்கேருந்து கெடங்குக்குப் பதிமூணு கிலோமீட்டர். கை ரொம்ப நீளம் தம்பி உனக்கு. அந்த மெஷின் எஃப்-ஒன் அமுக்கினாத்தானே ஏறும்? யாரு அமுக்கினது?"

சித்தார்த்தனின் முகம் ஒரு கணம் வெறுமையானது. ஒரே கணம்தான்.

"சவுரி அண்ணன். போன் பண்ணிச் சொன்னேன், அவருதான் அமுக்கினாரு."

நல்ல பதில்தான். செத்தவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. இப்ராஹிம் ஷா ஜெசிந்தாவைப் பார்த்தான்.

"காலையில ஒம்போது மணிக்கா?" என்றாள் ஜெசிந்தா.

"ஆமா மேடம்."

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை தம்பி. ஒம்போது மணிக்கு சவுரிராயன் கோயில்ல பூசையில இருந்தாரு, அமலா பக்கத்துல. காணிக்கைத் தட்டு எடுத்தது அன்னைக்கு அவருதான். ஊரே பாத்திருக்கு. பன்னெண்டு மணிக்கு மேலதான் வேலைக்குக் கெளம்பினாரு."

அவள் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். நாலு பன்னிரண்டுக்குக் கீழே ஒன்பது மணி என்று இருந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். அவன் அதைப் படித்தான். திரும்பவும் படித்தான்.

"இப்பிடி ஒரு ஃபைல் இருக்கறதே எனக்குத் தெரியாது," என்றான், காற்றுபோன குரலில்.

"கடியாரத்தை மாத்தினது நீங்க. பதிவை அழிச்சதும் நீங்க. புகழேந்தி சொல்லிச் செஞ்சிருக்கீங்க, அது எனக்குப் புரியுது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். மூணு நாலுக்குப் புகழேந்தி வந்து கதவைத் தொறந்து பாத்தாரே, அப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

சித்தார்த்தன் தலையைத் தூக்கினான்.

"அவரு வரல மேடம்," என்றான். "தொறந்தது நான்."

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"வியாழக்கிழமை கம்ப்ரசர் பழுதாயி ஒண்ணரை நாள் ஓடல. இறால் பூராவும் இளகி நாத்தம் புடிச்சிடுச்சு. புகழேந்தி அண்ணன் அதைத் திரும்ப உறைய வெச்சு, திங்கக்கிழமை லாரி ஏத்தறதுன்னு இருந்தாரு. சவுரி அண்ணன் ஒத்துக்கல. இதைத் துன்னா ஜனங்க சாவும், சென்னை அம்மாகிட்ட நானே சொல்றேன்னாரு. எனக்கு அது மட்டும்தான் தெரியும் மேடம். வெள்ளிக்கிழமை பதிவை அழிக்கணும், ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வான்னு கூப்பிட்டாரு. போனேன். கெடங்குல யாரும் இல்ல. உள்ளேருந்து தட்டற சத்தம் கேட்டுச்சு."

"தொறந்தீங்க."

"தொறந்தேன். சவுரி அண்ணன் கதவுகிட்டயே மண்டி போட்டுக்கினு இருந்தாரு. மேல வெறும் சட்டைதான். புருவம் பூரா வெள்ளை. எழுந்திருக்க முடியல அவரால. பயந்துட்டேன். ஒடனே புகழேந்தி அண்ணனுக்குப் போன் போட்டேன்."

"அவரைத் தூக்கறதுக்கு முன்னாடி போன் போட்டீங்க," என்றான் இப்ராஹிம் ஷா. அதில் கிண்டல் இல்லை.

சித்தார்த்தன் முகத்தை உள்ளங்கையால் துடைத்தான். "மூடுடான்னாரு. வெள்ளிக்கிழமை இறாலைத் திரும்ப உறைய வைக்கக் கொட்டறப்ப நீயும் பதிவுல இருக்கே, மூடலன்னா உன்னையும் சேத்துத்தான் சொல்வேன்னாரு. மூடிட்டேன்."

"அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் அங்கயே இருந்தீங்க."

"பதிவை அழிக்க நேரமாச்சு."

"ஆறடி தூரத்துல உக்காந்துக்கினு."

"ஆமா."

"சத்தம் கேட்டுதா?"

அவன் தலையாட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். "மொதல்ல பலமா தட்டினாரு. அப்புறம் விட்டு விட்டு. அப்புறம் நகத்தால கீறற மாதிரி. நாலு மணிக்கு மேல சத்தம் இல்ல. பத்து நிமிஷம் காத்துக்கினு இருந்தேன். திரும்ப வரல. அப்புறம்தான் கடியாரத்தை மாத்தினேன்."

ஜெசிந்தாவுக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. "நீங்க சொல்றதை அவரு இல்லைன்னுடுவாரு. கல்யாண மண்டபத்துல இருநூறு பேர் அவரைப் பாத்திருக்காங்க. ஒங்க வார்த்தையைத் தவிர வேற என்ன இருக்கு?"

சித்தார்த்தன் மேஜை டிராயரைத் திறந்தான். ஒரு பழைய செல்போன். "என் போன் பேசறதெல்லாம் தானா பதிவு பண்ணும் மேடம். கஸ்டமர் தகராறு பண்ணுவாங்கன்னு அப்பிடி வெச்சிருக்கேன். இதை அழிக்கணும்னு பன்னெண்டு நாளா டெய்லி கையில எடுக்கறேன்."

நாற்பத்தெட்டு வினாடி. அவன் பட்டனை அமுக்கினான்.

முதலில் கல்யாணப் பந்தியின் இரைச்சல். மோர் எங்கப்பா என்று யாரோ கேட்கிறார். அதற்கு நடுவே புகழேந்தியின் குரல், அவசரமாக: "என்னடா?"

"அண்ணா, சவுரி அண்ணன் உள்ள மாட்டிக்கினு இருக்காரு. உசுரு இருக்குண்ணா."

"தெரியும். கதவை மூடு."

"அண்ணா..."

"மூடுடா! வெள்ளிக்கிழமை நீயும்தான் நின்னே. மூடிட்டு உன் வேலையைப் பாரு."

அதற்குப் பிறகு சில வினாடிகள் மூச்சுச் சத்தம் மட்டும். அதன் பின்னால், தூரத்தில், உறைந்துபோன வாயிலிருந்து வரும் ஒரு குரல். இரண்டே வார்த்தை. பிறகு கனமான கதவு சாத்தும் ஓசை.

ஜெசிந்தா தன் போனை எடுத்தாள். "இதை எனக்கு அனுப்புங்க. இப்பவே."

கடை வாசலில் வெளிச்சம் மறைந்தது. புகழேந்தி நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வந்து ஷட்டரைப் பாதிக்கு இழுத்து இறக்கினான்.

"அப்டேட்டுல வந்த கோளாறுன்னு சொன்னீங்களே மேடம்," என்றான். "அதோட வூட்டுக்குப் போயிருக்கலாம். சித்தார்த்தா, அந்த போனை இப்பிடிக் குடு."

சித்தார்த்தனின் கை தானாக நீண்டது. நடுவில் இப்ராஹிம் ஷா வந்து நின்றான். புகழேந்தியைவிட ஒரு சாண் குட்டை அவன்.

"பாய், நவுந்துக்கோ."

"ரெண்டு முட்டியும் வலி சார். ஜல்தியா நவுற முடியாது."

புகழேந்தி மேஜையிலிருந்த கனமான பவர் சப்ளைப் பெட்டியைத் தூக்கினான். ஜெசிந்தா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. திரையில் சின்ன வட்டம் சுற்றி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கீழ வைங்க சார். உங்க குரல் இன்ஸ்பெக்டர் போனுக்குப் போயிடுச்சு. சென்னை அம்மாவுக்கும் அனுப்பிட்டேன். இனிமே இந்த போனை நீங்க ஒடைச்சாலும் ஒண்ணுதான், வெச்சிருந்தாலும் ஒண்ணுதான்."

அவன் கை அப்படியே நின்றது. பெட்டி இறங்கவும் இல்லை, எறியப்படவும் இல்லை. அந்த நிலையில்தான் ஷட்டர் கடகடவென்று மேலே போனது. கண்ணையன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு நின்றிருந்தார். காதில் இன்னும் போன் இருந்தது.

"மோர் எங்கப்பான்னு கேட்டது என் சகலைய்யா," என்றார் புகழேந்தியிடம். "அதே பந்தியில நானும்தான் சாப்ட்டேன்."

அன்று சாயங்காலமே மண்டபத்து வீடியோவை ஓட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டே முக்காலிலிருந்து இரண்டு பத்து வரைக்கும் புகழேந்தி எதிலும் இல்லை. ஸ்டேஷனில் அதைக் காட்டியதும் அவன் எல்லாவற்றையும் சொன்னான். மெஷினைப் பார்க்க வந்த சவுரிராயனை, லைட் எரியுதா என்று ஒரு நிமிஷம் உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னதை. கோட்டு எதற்கு, ஒரு நிமிஷம்தானே என்று சொன்னதை. கைப்பிடியை முந்தின நாளே கழற்றிவிட்டு ஒப்புக்குச் சொருகி வைத்ததை. பாட்டிலை ஆறே முக்காலுக்குக் கொண்டுபோய்ப் போட்டதை.

ஆறு மணிக்கு அமலா வந்தாள். ஸ்டேஷன் பெஞ்சில் சித்தார்த்தன் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் யாரென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஜெசிந்தா அவளைத் தனியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டரை மணி நேரத்தையும் மறைக்கவில்லை. அமலா சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கடைசி வரைக்கும் தட்டினாரா மேடம்?"

"தட்டினாரு."

"அப்பக் குடிச்சிட்டுப் படுக்கல. வெளிய வரத்தான் பாத்திருக்காரு."

"ஆமாம்மா. இனிமே யாரும் வேற மாதிரி எழுத முடியாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு கொரலு அதுல இருக்குன்னாங்களே. நான் கேக்கணும்."

"வேணாம்மா," என்றார் கண்ணையன்.

"கேக்கணும் சார்."

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா தலையசைத்தாள். அமலா போனைக் காதோடு சேர்த்து அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நாற்பத்தெட்டு வினாடி. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். இப்ராஹிம் ஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். பெஞ்சில் இருந்தவன் பக்கம் திரும்பினாள். சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"மூடாத தம்பின்னு கேட்டிருக்காரு," என்றாள். "அந்த நெலமையிலயும் உன்னத் தம்பின்னுதான் கூப்பிட்டிருக்காரு. நீ பதிலுக்கு ஒரு வார்த்தை அவருகிட்டப் பேசலியேப்பா."